செக்ரோலில் விழாத பேர்

சப்ரகமுவத் தோட்டங்கள்: வரலாற்றுத் தொடர் – அத்தியாயம் 17

ரப்பர் தோட்டத்தில் உழைப்பை எண்ணுகிற அலகு 'பேர்'. விடியலில் பெரட்டுக்களத்தில் நின்று, மலைக்குப் போய், கொடுத்த மரங்களில் பால் வெட்டி, சிரட்டை சிரட்டையாக வாளியில் ஊற்றி, ஸ்டோரில் கொண்டுபோய் நிறுத்துக் கொடுத்தால் அந்த நாளுக்குக் கணக்கப்பிள்ளை செக்ரோலில் ஒரு பேர் போடுவார். பால் குறைந்தால் அரைப்பேர். விடியலிலேயே மழை பிடித்துக்கொண்டால் பேரே இல்லை. மாசக் கடைசியில் லயத்தில் யாரும் "எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டு நான் கேட்டதில்லை. "எத்தன பேரு விழுந்துச்சு?" என்றுதான் கேட்பார்கள். பள்ளிக்கூடச் செலவும் கடைக்கடனும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும்.

சென்ற அத்தியாயத்தில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் எங்கள் லயங்களை எப்படிக் காலி செய்தன என்று பார்த்தோம். 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 11 இலட்சத்து 74 ஆயிரமாக இருந்த இந்தியத் தமிழர் தொகை, பத்தே ஆண்டுகளில் 8 இலட்சத்து 18 ஆயிரமாகச் சுருங்கியது. கப்பல் ஏறாமல் இங்கேயே தங்கியவர்களுக்கு என்ன நடந்தது என்பதை இனி வரும் அத்தியாயங்கள் சொல்லும். அதற்குள் போவதற்கு முன் இன்னொரு கூட்டத்தாரை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. அவர்களும் கணக்கு எழுதுகிறவர்கள்தான். கலவரத்துக்கும் போருக்கும் குண்டுவெடிப்புக்கும் ஒரு நாடு என்ன விலை கொடுக்கிறது என்பதைப் பல்கலைக்கழகங்களில் உட்கார்ந்து கணக்கிட்ட பொருளியலாளர்கள். அவர்களுடைய பேரேட்டில் எங்கள் எஹலியகொட எங்கே இருக்கிறது என்று தேடப் போய்த்தான் இந்த அத்தியாயம் பிறந்தது.

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குப் போகும் வீதியில் அவிசாவளையைத் தாண்டினால் எஹலியகொட. சரிவுகளில் ரப்பர், பள்ளத்தில் வயல், வயலோரம் மாணிக்கக் குழிகள். களனி வெளிச் சிறு ரயில் ஒரு காலத்தில் இந்த ஊர் வழியாகத்தான் இரத்தினபுரியைத் தொட்டு ஓப்பநாயக்க வரைக்கும் போனது. 1970களில் அவிசாவளைக்கு அப்பால் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். நுவரெலியா பக்கம் போல ஒரு தோட்டத்தின் எல்லையில் அடுத்த தோட்டம் தொடங்குகிற நிலம் இதுவல்ல. இங்கே ஒவ்வொரு தோட்டமும் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே ஒரு தீவு. ஒரே கடை, ஒரே ஓடை, பல இடங்களில் ஒரே மாணிக்கக் குழி. அந்த நெருக்கம் வருஷத்தின் பெரும்பாலான நாட்களில் எங்களுக்குத் துணையாகத்தான் இருந்தது. பிரசவ வலி எடுத்தால் கிராமத்து வேன்தான் வரும். ஆனால் ஒரு கெட்ட வாரத்தில் ஓடுவதற்கு அடுத்த தோட்டம் கிடையாது.

1981 ஆகஸ்ட் அப்படிப்பட்ட வாரம். மே மாதக் கடைசி இரவில் தொடங்கி யாழ்ப்பாண நூலகம் எரிந்திருந்தது. ஆகஸ்டில் கிழக்கில் மூண்ட வன்முறை சப்ரகமுவவுக்குத் தாவியது. இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டன. காவத்தை, இறக்குவானைப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அகதிகளாக வெளியேறினார்கள். ஆகஸ்ட் 17ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் தோட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு கூரை எரியவில்லை, ஒருவர் மேலும் கை படவில்லை. ஆனால் காவத்தைப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த பெரியம்மா வீடு எரிந்ததென்று சேதி வந்தது. அன்று பொழுது சாய்ந்ததும் லயமே எழுந்து ரப்பர் மலைக்குள் போய்விட்டது. அட்டைக் கடியோடு, குழந்தைகளின் வாயைப் பொத்திக்கொண்டு, இரவு முழுக்க மரத்தடியில். காலையில் இறங்கி வந்தாலும் யாரும் பால் வெட்டப் போகவில்லை. தனியாக ஒரு மரத்தடியில் குனிந்து நிற்க யாருக்கும் மனம் வரவில்லை. ஆறு நாள் இப்படிப் போனது. ஏழாம் நாள் பெரட்டுக்குக் கிளம்பும்போது அம்மாயி என் அம்மாவிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "உசுரு தப்பிச்சிருச்சு தாயி. ஆறு பேரு போச்சு."

இந்த ஆறு பேரை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. எழுத அதில் என்ன இருக்கிறது? எரிந்த இடத்தைத்தானே செய்தியாளர் தேடிப் போவார்.

அம்மாயி சொன்ன அந்தக் கணக்குக்கு ஒரு பெயர் உண்டென்று மிகத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். 2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் பல்கலைக்கழகங்களுக்குள் ஆய்வு மையங்களை அமைக்கத் தொடங்கியது. அவற்றில் முதலாவது, 2003ஆம் ஆண்டு தெரிவு செய்யப்பட்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பயங்கரவாதத்தின் இடரையும் அதன் பொருளாதார விளைவையும் அளப்பதுதான் அதன் முழுநேர வேலை. அந்த மையத்தைச் சேர்ந்த அடம் ரோஸ் என்ற பொருளியலாளரும் அவருடைய சகாக்களும் இரட்டைக் கோபுரத் தாக்குதலால் அமெரிக்க உற்பத்தி எவ்வளவு இழந்தது என்று கணக்கிட்டு 2009இல் வெளியிட்டார்கள். 100 பில்லியன் டொலருக்குச் சற்று மேலே ஒரு தொகை வந்தது. அதில் மிகப் பெரும் பங்கு, இடிந்த கட்டடங்களின் வாசலில் நேர்ந்ததே அல்ல. அதற்குப் பிறகு மக்கள் விமானம் ஏறப் பயந்ததால் நேர்ந்த இழப்பு அது. நியூயோர்க்கைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் தன் ஊரில் விமானச் சீட்டை வாங்காமல் விட்டால் அதுவும் அந்தக் கணக்கில் சேரும்.

எங்கள் தோட்டத்தில் நடந்ததும் அச்சாக அதுதான். எரிந்தது காவத்தையில், பேர் விழாமல் போனது எங்கள் மலையில். அமெரிக்காவில் பயத்துக்கு விலை போடும் முறை இருந்தது. பயத்தால் நிறுத்திய பயணங்களை விமான நிறுவனங்களின் புத்தகம் காட்டிக்கொடுத்தது. சப்ரகமுவவிலும் புத்தகம் இருந்தது. செக்ரோல் அன்றன்றைக்கு எழுதப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. யாரும் அதை அந்தக் கேள்வியோடு திறந்து பார்க்கவில்லை.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. அதைப் படித்தபோது வெகுநேரம் அந்தப் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை. கோபுரங்களில் அலுவலகம் வைத்திருந்த நிறுவனங்களில் மிகப் பெரும்பாலானவை விரைவில் வேறு இடம் பிடித்து வேலையைத் தொடர்ந்தன. இதனால், நேர்ந்திருக்கக்கூடிய தொழில் முடக்கத்தில் ஏறத்தாழ 72 சதவீதம் தவிர்க்கப்பட்டது என்கிறார்கள். இதை மீளும் திறன் என்பார்கள். இன்று செய்யாததை நாளை இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்டுவதும் அதில் ஒரு வகை.

ரப்பர் மரத்துக்கும் அந்தத் திறன் இருக்கிறது. வெட்டாமல் சில நாள் விட்டால் மரம் இளைப்பாறும். அடுத்த வெட்டில் பால் கூடுதலாக இறங்கும். ஆறு நாள் நின்ற பாலில் ஒரு பகுதி பின்னால் எப்படியும் ஸ்டோருக்கு வந்துவிடும். தோட்ட நிர்வாகத்தின் வருஷ அறுவடையில் அந்த ஆகஸ்ட் ஒரு சின்னப் பள்ளமாகத் தெரிந்திருந்தால் அதிகம். வெட்டுகிறவளுக்கு நாள் திரும்பி வராது. ஒரு நாளில் இரண்டு பேர் விழாது. மரம் மீண்டுவிட்டது என்பதாலேயே பெண்ணும் மீண்டுவிட்டாள் என்று நாட்டு உற்பத்திக் கணக்கு எழுதிக்கொள்ளும். என் அம்மாயியின் ஆறு நாட்கள் இந்த இடத்தில்தான் காணாமல் போகின்றன.

இனி நம் நாட்டு அறிஞர்களிடம் வருவோம். அவர்கள் செய்த வேலை சாதாரணமானதல்ல. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, யார் பக்கம் என்று இரு தரப்பும் கேட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, இந்தப் போர் எவ்வளவு தின்கிறது என்று எழுதத் துணிந்தவர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்த எஸ். டபிள்யூ. ஆர். டி ஏ. சமரசிங்கவும், வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தின் ஜோன் ரிச்சர்ட்சனும் 1991இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். 1983 முதல் 1988 வரையான இழப்பு 4.2 பில்லியன் டொலர் என்றது அது. இரண்டு ஆண்டு கழித்து லிசா குரோபாரும் ஷிரந்தி ஞானசெல்வமும் அதே ஆறு ஆண்டுகளுக்கு வேறொரு முறையில் கணக்கிட்டு 1.5 பில்லியன் என்றார்கள்.

ஒரே நாடு, ஒரே ஆறு ஆண்டு; ஒரு கணக்கு இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் அதிகம். எதுவும் பிழையல்ல. போரின் விலையை யாரும் நேரடியாகப் பார்த்து எண்ண முடியாது. போர் நடக்காமல் இருந்திருந்தால் இந்த நாடு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாட்டைக் கற்பனையில் கட்டி, அதிலிருந்து நிஜ நாட்டைக் கழிக்க வேண்டும். எந்த நாட்டைக் கற்பனை செய்கிறீர்களோ அதற்கேற்ப விடை மாறும். குரோபாரும் ஞானசெல்வமும் இராணுவச் செலவு கூடியதால் முதலீடு எவ்வளவு சுருங்கியது என்ற ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் எரிந்தது, சிதறியது, வராத உல்லாசப் பயணி என்று பலவற்றையும் கூட்டினார்கள். ஸ்பெயினில் பாஸ்க் பிரதேசத்தை ஆராய்ந்த அபாடியும் கார்தியாசபாலும் 2003இல் இந்தக் கற்பனை நாட்டைக் கட்டுவதற்கே ஒரு ஒழுங்கான முறையைக் கொண்டுவந்தார்கள். வன்முறை தொடாத வேறு பிரதேசங்களைத் தக்க விகிதத்தில் கலந்து, பாஸ்க் போலவே இருக்கும் ஒரு 'கலவைப் பிரதேசத்தை' உண்டாக்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஆள்வீத உற்பத்தி ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்திருந்தது தெரிந்தது.

இலங்கைக்கு இன்றுவரை அதிகம் எடுத்தாளப்படும் எண் 2001இல் வந்தது. கொழும்பிலுள்ள கொள்கை ஆய்வு நிறுவகத்தின் நிஷா அருணதிலக, சமன் கெலேகம, ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகமொன்றில் கற்பித்த சிசிர ஜயசூரிய ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை. 1996 வரையான போரின் விலை, ஆகக் குறைந்த மதிப்பில், 1996ஆம் ஆண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 168.5 சதவீதம், 20.6 பில்லியன் டொலர். எங்கள் பாஷையில் சொன்னால், நாட்டில் உள்ள அத்தனை பேரும் இருபது மாதம் வேலை செய்து, ஒருவருக்குக்கூட ஒரு பேரும் விழவில்லை. கட்டுரை அச்சான அதே ஆண்டு ஜூலை 24இல் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது. கப்பலுக்கும் விமானத்துக்கும் போர்க்காலக் காப்புறுதிக் கட்டணம் ஏறியது. அந்த ஆண்டு சுதந்திரத்துக்குப் பிறகு முதன்முறையாக நாட்டின் உற்பத்தி சுருங்கியது. எங்கள் மலையில் இறங்கிய பாலும் ஷீட்டாகி அந்தக் கொழும்புத் துறைமுகம் வழியாகத்தான் போகவேண்டியிருந்தது.

இந்தக் கட்டுரைகளைப் படிக்கும்போது என் விரல் தானாக ஒரே இடத்துக்குப் போய் நின்றது. முதல் ஆண்டு. எந்தக் கணக்கும் 1983க்கு முன்னால் தொடங்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. ஜூலை 23இல் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதும், அடுத்த நாளே கொழும்பு எரிந்ததும், அதிலிருந்து முழுப் போர் விரிந்ததும் வரலாறு. போரின் விலையைக் கணக்கிடுகிறவர் போர் தொடங்கிய ஆண்டில்தானே தொடங்குவார்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சப்ரகமுவவில் நின்று பார்த்தால் இந்தக் கோடு எங்கள் வீட்டுக்குப் பின்பக்கமாக விழுகிறது. எங்களை முதலில் ஓட வைத்தது 1977 ஆகஸ்ட். அந்த ஆண்டுத் தேர்தல் முடிந்து சில வாரங்களில் வெடித்த வன்முறை, வடக்குக்கும் அரசியலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத தோட்டத் தொழிலாளரை லயம் லயமாகத் துரத்தியது. இரண்டாவது 1981. இரண்டும் கணக்கின் முதல் நிரலுக்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டன.

ஓடியவர்கள் எங்கே போனார்கள் என்று பார்த்தால் இந்தக் கோட்டின் கொடுமை இன்னும் தெளிவாகும். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு, வவுனியா பக்கத்தில் தோட்டத்து அகதிகளைக் குடியேற்றியது. கென்ட் பண்ணை, டொலர் பண்ணை என்ற பெயர்கள் அந்தக் காலத்தவை. பெரியம்மா குடும்பமும் காவத்தையிலிருந்து வவுனியாவுக்குத்தான் போனது. ரப்பர்ப் பால் வெட்டத் தெரிந்த கை உளுந்தும் நிலக்கடலையும் போடப் பழகியது. 1983 ஏப்ரலில் காந்தியத் தலைவர்கள் கைதானார்கள். ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறைக்குள் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். தோட்டத்து அகதிகள் பண்ணைகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பலர் வன்னிக்குள்ளேயே நகர்ந்து நகர்ந்து, கடைசியில் 2009இல் முல்லைத்தீவுக் கடற்கரை வரை போனார்கள்.

போரின் விலையைக் கணக்கிட்டவர்கள் வடக்கில் இடம்பெயர்ந்தோரின் வருமான இழப்பைச் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே பெரியம்மாவும் எங்கோ ஒரு கூட்டுத்தொகைக்குள் இருக்கலாம். வன்னி அகதியாக இருப்பார். சப்ரகமுவவிலிருந்து துரத்தப்பட்டவராக இருக்க மாட்டார். முதல் வீடு எரிந்தது கழிந்து, இரண்டாவது, மூன்றாவது வீட்டிலிருந்துதான் அவருடைய இழப்பு தொடங்குகிறது.

எரிந்த அந்த முதல் வீட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1975ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுடைமையாகிவிட்டன. லயமும் தோட்டத்தின் சொத்து. பத்தடி காம்பிராவில் நான்கு தலைமுறை வாழ்ந்திருந்தாலும் கூரைத் தகரம் அவர்களுடையதல்ல. எரிந்தால் நிர்வாகத்தின் புத்தகத்தில் ஒரு கட்டடம் குறையும். உள்ளே இருந்தவர் காப்புறுதி எடுக்கவும் முடியாது, நட்டஈடு கேட்கவும் பத்திரம் இல்லை. 1983இல் கொழும்பில் எரிந்த ஆலைகளுக்கும் கடைகளுக்கும் அரசு 'ரேப்பியா' என்ற புனர்வாழ்வு அதிகார சபையை அமைத்தது. அதன் மேல் எத்தனையோ குறைகள் உண்டு, ஆனாலும் விண்ணப்பிக்க ஒரு கதவு இருந்தது. பெரியம்மா இழந்தவை ஒரு பால் மாடு, இரண்டு பித்தளைக் குடம், தாலிக்கொடியில் பாதிக்கு மாற்றி வாங்கிய தையல் மெஷின், ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மகளின் பள்ளிக்கூடம். அந்த மகள் அதற்குப் பிறகு படிக்கவில்லை. கடைசியாகச் சொன்னதுதான் விலை கூடியது என்று எந்தப் பொருளியலாளரும் ஒப்புக்கொள்வார்.

லொஸ் ஏஞ்சல்ஸ் மையமும் அதைச் சுற்றிய ஆய்வாளர்களும் இடரை அளக்க ஒரு எளிய சூத்திரத்திலிருந்து தொடங்குவார்கள். அச்சுறுத்தல் எவ்வளவு, அது வந்தால் தாங்க முடியாத பலவீனம் எவ்வளவு, நேரும் விளைவு எவ்வளவு, மூன்றையும் பெருக்கு. 2005இல் ரான்ட் நிறுவனம் அமெரிக்க நகரங்களை இப்படித்தான் வரிசைப்படுத்தியது. இதற்கு மறுப்பும் வந்தது: தாக்குகிறவன் சிந்திக்கிறவன், பூகம்பம் போலப் பெருக்கிக் கண்டுபிடிக்க முடியாது என்று 2010இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கழகம் கடுமையாகவே எழுதியது. அந்த வாதம் இருக்கட்டும். எங்களைப் பொறுத்தவரை பெருக்கவே தேவையிருக்கவில்லை. 1977 வன்முறையை விசாரிக்க முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனி தலைமையில் ஆணைக்குழு அமைக்கப்பட்டது; அறிக்கை 1980இல் வெளிவந்தது. எந்த மாவட்டம், எந்தப் பொலிஸ் பிரிவு, என்ன நடந்தது என்று பக்கம் பக்கமாகச் சாட்சியம். சிதறிக் கிடக்கும் ரப்பர்த் தோட்டங்கள், சுற்றிலும் கிராமம், வாக்குரிமை இல்லாத மக்கள். அச்சுறுத்தலும் பலவீனமும் அச்சிட்ட தாளிலேயே இருந்தன. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே மாவட்டம் மறுபடி எரிந்தது. நான்கு ஆண்டில் இரண்டாம் முறை. இந்த நாட்டில் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதது என்று எதையாவது சொல்லலாம்; சப்ரகமுவத் தோட்டங்களைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்ல முடியாது.

'பயங்கரவாதம்' என்ற சொல் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்தது, அதாவது காவத்தை எரிவதற்கு இரண்டு ஆண்டு முன்னால். லயத்துக்குத் தீ வைத்த கூட்டத்துக்கு அந்தச் சொல் பொருத்தப்படவில்லை. அது 'இனக்கலவரம்' ஆனது. பின்னாளில் தலவாக்கலையிலும் பதுளையிலும் கொழும்புக் கடைகளிலும் பிடிபட்ட தோட்டத்து இளைஞருக்குத்தான் அந்தச் சட்டம் வந்து சேர்ந்தது. பல்கலைக்கழகத் தரவுகளும் சொல்லைப் பின்தொடர்கின்றன. மேரிலாந்துப் பல்கலைக்கழகம் பராமரித்த உலகப் பயங்கரவாதத் தரவுத்தளம், அரசல்லாத ஆட்கள் ஒரு நோக்கத்துக்காகத் திட்டமிட்டுச் செய்யும் வன்முறையையே பதிகிறது. இலக்கணம் கறாராக இருப்பது ஆய்வுக்கு நல்லதுதான். ஆனால் இரவில் ரப்பர் மலைக்குள் குழந்தையின் வாயைப் பொத்தியவளுக்கு வந்தது பயங்கரமில்லையென்றால் வேறென்ன?

போர்க்காலத்துக்குள் போனால் கணக்கின் இன்னொரு பக்கம் தெரிகிறது. இலண்டன் பொருளியல் பள்ளியில் கற்பிக்கும் ராஜேஷ் வேணுகோபால் இதை விரிவாக எழுதியிருக்கிறார். 1977க்குப் பின் சந்தைப் பொருளாதாரம் கிராமத்து வேலைகளைக் குறைத்தபோது, வளர்ந்துகொண்டே போன இராணுவம் சிங்களக் கிராமத்து இளைஞனுக்கு நிலையான சம்பளம் தரும் இடமாயிற்று. எஹலியகொடவைச் சுற்றியும் அதைப் பார்த்தோம். மண்சுவர் வீடு செங்கல் வீடாகும். சில மாதம் கழித்து அதே வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டியிருக்கும். அந்தப் பணத்தின் விலையை அந்தத் தாய்மார்தான் கொடுத்தார்கள். எங்கள் பையன்களுக்குக் கிடைத்தது பாதுகாப்பு வரி ஏறிய அரிசியும் துணியும், கொழும்புக்கு வேலைக்குப் போனால் சோதனைச் சாவடியும். பிறந்த பதிவும் குடியுரிமைத் தாளும் இல்லாத பலருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அடையாள அட்டையே கனவு. அட்டை இல்லாதவனைச் சாவடியில் இறக்கிவிட்டால் அன்றைய பேர் போகும். இரண்டு முறை இறக்கிவிட்டால் வேலையே போகும். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த ஒரு நாளுக்குப் பிறகு எத்தனை பையன்கள் கொழும்பு வேலையை விட்டுத் தோட்டத்துக்கே திரும்பினார்கள் என்பதும் ஒரு ஆய்வுக் கேள்விதான்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. 260க்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். இம்முறை நாட்டின் இழப்பு உடனுக்குடன் எண்ணப்பட்டது. ஏப்ரலில் 1 இலட்சத்து 67 ஆயிரமாக இருந்த உல்லாசப் பயணிகளின் வருகை மே மாதத்தில் 38 ஆயிரத்துக்கும் கீழே போனது. முந்தைய ஆண்டு மே மாதத்தோடு ஒப்பிட்டால் 70 சதவீத வீழ்ச்சி. விமானம் ஏறப் பயந்த அமெரிக்கரைப் போலவே இங்கே வரப் பயந்தவர்களும் கணக்கில் வந்தார்கள். நீர்கொழும்பிலும் பெந்தோட்டையிலும் ஹோட்டல் சமையலறையில் நின்ற எங்கள் பையன்கள் மே மாதமே பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தார்கள். அவர்களில் பலர் நிரந்தரப் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள். ஹோட்டல் இழந்ததற்கு எண் இருக்கிறது. அவர்கள் இழந்ததை லயத்தில்தான் கேட்டறிய வேண்டும்.

கேட்டறிய இன்னும் வழி இருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன். பெலிஹுல்ஓயாவில், எங்கள் மாகாணத்திலேயே, சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளும் இப்போது அங்கே பொருளியல் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இதை எடுத்தால் எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியபோது பழைய செக்ரோல்கள் எல்லாத் தோட்டத்திலும் தூக்கியெறியப்பட்டிருக்காது. 1977, 1981 ஆகஸ்ட் மாதப் பக்கங்களை எடுத்து, அதற்கு முந்தைய ஜூலை, பிந்தைய ஒக்டோபரோடு பக்கத்தில் வைத்தால் போதும். எரிந்த தோட்டத்தையும் எரியாத தோட்டத்தையும் தனித்தனியே பார்த்தால் பயத்துக்கு எத்தனை பேர் போனது என்பது தெரிந்துவிடும். அடுத்தது தோட்டப் பாடசாலைகளின் இடாப்பு. பிள்ளை சேர்ந்த திகதிக்கு எதிரே, விலகிய திகதி, விலகிய காரணம் என்று இரண்டு நிரல் இருக்கும்.

எங்கள் பாடசாலையில் நான் படித்த காலத்து இடாப்பை ஒருமுறை பார்க்கக் கிடைத்தது. 1981 செப்டெம்பரில் ஏழு பிள்ளைகள் விலகியிருக்கிறார்கள். மூன்று பேர் என் வகுப்பு. காரணம் எழுதும் இடத்தில் ஏழு பேருக்கும் ஒரே கையெழுத்தில் ஒரே சொல்: வவுனியா.